தங்கை கேட்ட கேள்வி

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஓர் அறிவியல் கட்டுரை. தாவரவியல் முதுநிலை மாணவன் ஆகையால் ரப்பர் மரத்தைப் பற்றியோ பயிர்நோய்களைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டும் இக்கட்டுரையில் தலைகாட்டும். ஆயினும் நான் எழுத வந்தது புதினங்களைப் பற்றி. அவற்றுள்ளும், முன்னோர் பட்ட துன்பத்தைச் சொல்லும் வரலாற்றுப் புதினங்களைப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்பதைப் பற்றி. இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவள் என் தங்கை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் கட்சால். நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் ஞாயிறு எழுவதைக் காண வெளியூர்க்காரர்கள் அங்கே கப்பலேறி வந்தார்கள். அப்போது நாளிதழ்கள் எங்கள் தீவின் பெயரை எழுதின. பிறகு 2004-இல் எழுதின. இடையிலும் பின்னும் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. போகட்டும். தங்கைக்கென்று நான் வாங்கிச் சென்ற நூல் 'எரியும் பனிக்காடு'. அவளுக்கு வயது பதினைந்து. முப்பது பக்கம் படித்தாள்; மூடி வைத்துவிட்டாள்.

"அண்ணே, இதெல்லாம் முடிஞ்சு போன கதைதானே? படிச்சா அழுகைதான் வருது. எனக்கு எதுக்கு இது?"

நல்ல கேள்வி. என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. "படி, நல்ல புத்தகம்" என்று மூத்தவன் என்ற உரிமையில் அதட்டினேன். அது விடை ஆகுமா? கப்பலில் திரும்பும்போது எண்ணிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிக்கோபாரில் தமிழர் எப்படி வந்தனர் என்று இம்மன்றத்துத் தோழர்கள் என்னைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். சுருங்கச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில் காப்பியும் தேயிலையும் பயிரிடத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தவர்கள், 1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் தலைமையமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் என்று ஒரு கணக்கு. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். இப்படி வந்தவர்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரி, கருநாடகம், கேரளம் ஆகிய இடங்களில் ரப்பர்த் தோட்டங்களிலும், ஆந்திரத்தில் நூற்பாலைகளிலும் வேலை தரப்பட்டது. ஒரு சிறு கூட்டத்தினர் கடலைத் தாண்டிக் கட்சால் ரப்பர்த் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர். அக்கூட்டத்தில் என் அப்பாயியும் தாத்தாவும் இருந்தார்கள்.

இந்த எண்கள் எனக்குப் பள்ளியிலேயே மனப்பாடம். ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று ஒரு மூச்சில் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் கிழவிக்கும் அந்த எண்ணுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். பள்ளி நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது அப்பாயி பேசாமல் இருக்கவேண்டுமே என்று நான் அஞ்சியதுண்டு. ரயிலைக் 'கோச்சி' என்பாள். வீட்டை 'லயம்' என்பாள். அவளும் பழைய கதை எதுவும் பேசியதில்லை. "அங்க இருந்தோம், இங்க வந்தோம், அவ்வளவுதான்" என்பாள். கேட்கத் தெரியாத பேரனும் சொல்ல விரும்பாத பாட்டியும் ஒரே கூரையின்கீழ்ப் பதினாறு ஆண்டுகள் இருந்தோம்.

என் பதினாறாம் வயதில், கூடலூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்நூலைக் கொணர்ந்தார். அதன் வரலாறு சிறிது தெரிந்துகொள்ளத்தக்கது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் 1940-களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர் பி. எச். டேனியல். அங்கே முதிய தொழிலாளர் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு, தமக்கு முந்திய தலைமுறையின் வாழ்வை ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்னும் புதினமாக எழுதினார். அது 1969-இல் வெளிவந்தது. தமிழில் இரா. முருகவேள் பெயர்த்து, 2007-இல் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. பாலா இயக்கி 2013-இல் வெளிவந்த 'பரதேசி' படம் இதைத் தழுவியதே. கதை 1920-களில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரில் பஞ்சம் பிழைக்க வழியில்லாத கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் ஒரு மேஸ்திரியின் இனிய சொற்களில் மயங்கி, முன்பணம் வாங்கி, மலையேறுகிறார்கள். ஓராண்டில் பணத்தோடு திரும்பலாம் என்று நம்பிச் செல்கிறார்கள். அவ்வாண்டு முடிவதே இல்லை.

மேஸ்திரி ஆசை காட்டும் பகுதியை ஒருநாள் மாலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாயி உலக்கையை நிறுத்தினாள்.

"இது ஆனமலைக் கதைடா. எங்க பக்கத்துக் கங்காணி இதைவிடக் கெட்டிக்காரன். தேயிலைத் தூரைக் கிளறுனா தேங்காயும் மாசியும் கெடைக்கும்னு சொல்லித்தான் எங்க முப்பாட்டனைக் கூட்டிக்கிட்டுப் போனானாம்."

அது எந்த ஆண்டென்று அவளுக்குத் தெரியாது. "தாது வருசப் பஞ்சத்துல" என்று மட்டும் சொன்னாள். நான் புத்தகத்தை மடித்து வைத்தேன். அன்றிரவு பேசத் தொடங்கியவள் விடுமுறை முடியும்வரை நிறுத்தவில்லை. படித்துக்கொண்டே போவேன்; இடையில் கையைக் காட்டி நிறுத்துவாள். "பெரட்டுக்களத்துல அப்படி இல்லை", "கவ்வாத்து வெட்டுறதை இவரு சரியா எழுதலை" என்று டாக்டர் டேனியலுக்கே திருத்தம் சொல்வாள். திரைப்படம் பார்த்தால் போதாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன். படம் தன் வேகத்தில் ஓடும். புத்தகம் நாம் நிறுத்தும் இடத்தில் நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் எங்கள் அப்பாயி நுழைந்தாள்.

ஐந்தாறு நாள் சென்றபின் அவளுக்கு ஒரு தங்கை உண்டென்பதைச் சொன்னாள்! எங்கள் அப்பாவுக்கே சரிவரத் தெரியாத செய்தி. இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அப்பாயியைக் கைப்பிடித்த குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. தங்கையைக் கைப்பிடித்த குடும்பம் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தது. கோச்சி புறப்படும்போது பெட்டியோடு ஓடி வந்தாளாம் தங்கை. பிறகு தலைமன்னார், 'இராமானுஜம்' கப்பல், மண்டபம் முகாம், சென்னை, மீண்டும் கப்பல். இருவரும் அதன்பின் பார்த்துக்கொண்டதில்லை. நான் மனப்பாடம் செய்த எண்களுள் ஒன்றில் அக்கா இருந்தாள். மற்றொன்றில் தங்கை இருந்தாள்.

இதைச் சொல்ல அவளுக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் ஏன் ஆயிற்று? யாரும் கேட்கவில்லை என்பது ஒன்று. எப்படிக் கேட்பது என்பது எங்களுக்குத் தெரியாமற் போனது மற்றொன்று. "உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் எந்த முதியவரும் "ஏதோ இருந்தது" என்றுதான் சொல்வார். "பெரட்டுக்குப் பிந்திப் போனால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தகைய கேள்வியைக் கேட்கும் அறிவை எனக்குக் கொடுத்தது ஒரு புதினம். வரலாற்றுப் பாடநூல் அதைக் கொடுக்கவில்லை. கொடுப்பது அதன் வேலையும் அன்று.

அறிவியல் படிப்பவன் கற்பனைக் கதைக்குப் பரிந்து பேசலாமா என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேலி செய்தான். அவனுக்காகச் சில சொற்கள். ரப்பர் மரத்தில் விடியுமுன் பால் வெட்டவேண்டும் என்று படித்திருக்கிறோம். ஏன்? இரவில் மரம் நீரை இழப்பது குறைவு. ஆகவே பால்குழாய்களுள் அழுத்தம் மிகுந்திருக்கும்; வெட்டியதும் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து ஓட்டமும் குறையும். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் மரம் விடியுமுன் பால் தரவேண்டுமானால் அதற்கும் முன்னால் ஒருவர் எழவேண்டும். கைப்பிள்ளையை யாரிடமாவது விடவேண்டும். இருட்டில் அட்டைக் கடியோடு மரத்துக்கு மரம் நடக்கவேண்டும். இது பாடத்தில் வராது. எங்கள் வீட்டில் அவ்வாறு எழுந்தவர்கள் இருவர். அவர்களைப் பார்த்து வளர்ந்தும் எனக்கு இது தோன்றவில்லையே!

இன்னொன்று. 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் ஒரு துருநோய் தோன்றியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை. இருபதாண்டுக்குள் காப்பிப் பயிரே அங்கே அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர்நோயியல் வகுப்பில் இதைப் படிக்காதவர் இலர். பூஞ்சையின் வித்து எப்படிப் பரவும், இலையின் எப்பக்கத்தில் மஞ்சட் பொடி காணும் என்பதெல்லாம் எழுதுவோம். தோட்டங்கள் நொடித்தபோது கூலி மாதக்கணக்கில் நிலுவையாக நின்றதையும், அந்த மலையில் நின்றவர் எங்கே போவது என்று அறியாமல் திகைத்ததையும் யார் எழுதுவது? புதின ஆசிரியன்தான் எழுதவேண்டும்.

எண்ணையும் புதினம் விளக்கும் என்பதற்குத் தாது வருடப் பஞ்சமே சான்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அக்காலத்தில் நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் அளவைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அரிசியானால் 1,600 கலோரி அளவு தேறும். கல்லுடைத்து மண் சுமக்கும் ஆளுக்கு அதைப்போல் இருமடங்கு வேண்டும். இக்கணக்கை நான் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் போட்டேன். ஆனால் அக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது, 1878-ஆம் ஆண்டுச் சென்னையையும் பஞ்சத்தையும் களமாகக் கொண்டு ஜெயமோகன் எழுதிய 'வெள்ளை யானை'யைப் படித்த பின்னரே. எங்கள் முப்பாட்டன் தேங்காய்க்கும் மாசிக்கும் ஏன் மயங்கினான் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. அவன் முட்டாள் அல்லன், பசித்தவன்.

இனி, 'வரலாற்றுப் புதினம்' என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது எது? குதிரை, வாள், பாதாளச் சிறை, இளவரசி. 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்த 'பொன்னியின் செல்வ'னை நானும் ஊணுறக்கமின்றிப் படித்தவனே. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசரைப் பற்றியே படித்த பையன் தன்னையும் ஓர் அரச குடும்பத்தவனாகவே எண்ணிக்கொள்வான். பல்லக்கில் இருந்தவர்கள் சிலர், தூக்கியவர்கள் பலர். நாம் யார் வழிவந்தவர் என்பதற்குக் கணக்கே விடை சொல்லும்.

துன்பக் கதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். கண்ணீரைப் பிழிவதையே தொழிலாகக் கொண்ட நூல்கள் உண்டு. அவற்றில் ஏழை எல்லாரும் உத்தமர். துரை எல்லாரும் அரக்கர். தங்கை "அழுகைதான் வருது" என்றது அத்தகைய நூலைப் பற்றி இருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். நல்ல நூல் அழுகையோடு விடாது. பொறி எப்படி அமைக்கப்பட்டது என்று காட்டும். முன்பணம் என்பது அன்பளிப்பன்று, கடன். கடன் தீரும்வரை போகமுடியாது. தீராதபடி கணக்கு எழுதப்படும். இலங்கையில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் கடனைச் சீட்டில் எழுதித் தருவார்கள். புதிய தோட்டம் அதைக் கட்டி அவனை எடுத்துக்கொள்ளும். கடன் மனிதனோடு போயிற்று என்பதைவிட, மனிதன் கடனோடு போனான் என்பதே பொருந்தும். 1921-இல் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். இதைப் புரிந்துகொண்ட பதினைந்து வயதுப் பிள்ளை, நாளை வெளிநாட்டு வேலை என்று ஒரு முகவர் முன்பணம் கேட்டாலும் கொடுத்தாலும் இருமுறை யோசிக்கும்.

கசப்பான செய்தி ஒன்றும் அதில் உண்டு. மேஸ்திரி தமிழன். கங்காணி தமிழன். நம் மொழியில் நம்மை அழைத்து, நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, நம் சாதியையும் அறிந்து பேசியவன்தான் நம்மை ஏமாற்றினான். வெள்ளையனை மட்டும் பழித்துவிட்டுக் கைகழுவ முடியாதபடி நல்ல புதினம் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. என் தாத்தாவின் தமையனே சில காலம் கங்காணிக்குக் கணக்கெழுதினார் என்று அப்பாயி சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிற்று.

நாம் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையைச் சப்பானியர் 1942, 1943 ஆண்டுகளில் போட்டனர். நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 அளவினர் என மதிப்பிடுவர். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் எழுதிய புதினமும், 1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படமும் உலகுக்கு அப்பாதையைச் சொல்லின. அவற்றில் வீரரின் கதை உண்டு. தோட்டத் தமிழரின் கதை இல்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' என்னும் புதினத்தில் அவர்கள் தமிழில் உயிரோடு நடந்தார்கள். மலையகத்துக்கும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964-இல் வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு! கொழும்பிலும் தில்லியிலும் எண்களை எழுதியவர்களுள் எவரேனும் அதைப் படித்திருப்பாரோ?

"தேர்வு நெருங்கும் வயதில் துயரத்தைப் படித்து மனம் சோர்ந்துவிடாதா?" என்று தாய்மார் கேட்பது இயல்பு. எங்கள் அம்மாவும் கேட்டார். பதினைந்து வயதில் பிள்ளைகள் துயரத்தை அறியாமல் இல்லை. கைப்பேசியில் நாள்தோறும் போரும் வெள்ளமும் பார்க்கிறார்கள், அடுத்த நொடியே வேறொன்றுக்குப் போகிறார்கள். முந்நூறு பக்கம் ஒருவனோடு கூட நடப்பது வேறு. அந்த வயதில்தான் நியாயம் அநியாயம் என்ற சூடு நெஞ்சில் இருக்கும். பெரியவர்களும் அப்போது உயிரோடு இருப்பார்கள். இருபத்தைந்தில் படித்துக் கேள்வியோடு போனால் திண்ணை வெறுமையாக இருக்கலாம்.

இதை நான் கட்சாலிலிருந்து கொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது எனக்கு இரண்டு வயது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். கரையோரத்து நிக்கோபாரி ஊர்கள் பிழைக்கவில்லை. 2001-இல் ஐயாயிரத்துக்கு மேலிருந்த தீவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 2,685. எனக்கு அந்த நாள் சிறிதும் நினைவில்லை. தங்கையோ அதன்பின் பிறந்தவள். எங்களைச் சுற்றியுள்ள பெரியவர்கள் அதைப் பேசுவதில்லை. அப்பாயி இலங்கையைப் பேசாததைப் போலவே. எங்கள் கட்சாலின் அந்நாளைச் சொல்லும் புதினம் எதுவும் என் கைக்கு இதுவரை வரவில்லை. தங்கைக்கு இருபது வயதாகும்போது யாரேனும் எழுதினால், அது அவளுக்கு வரலாற்றுப் புதினம்; எங்கள் அம்மாவுக்கோ நேற்றைய காலை.

ஊர் திரும்பும் கப்பலில் இவ்வளவும் எண்ணினேன். இங்கு வந்து சேர்ந்ததும் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மேஸ்திரி வரையில் சொன்னேன். அதற்குமேல் அவளுக்குக் கேட்கவில்லை.

சென்ற வாரம் அவளே அழைத்தாள். மறுபடி படிக்கிறாளாம். வள்ளி நோயில் கிடக்கும் இடம் வந்ததும் அப்பாயியிடம் உரக்கப் படித்துக் காட்டினாளாம். நான் அத்தனை நாள் பேசியும் கேட்க மறந்த ஒன்றை அவள் கேட்டிருக்கிறாள்: சின்ன அப்பாயி இருந்த தோட்டத்தின் பெயர் என்ன? கிழவி நெடுநேரம் வாய் திறக்கவில்லையாம். பிறகு தோட்டத்தின் பெயரையும், எந்த டிவிசன் என்பதையும், லயத்தில் எத்தனையாவது காம்பிரா என்பதையும் சொன்னாளாம். தங்கை அதைப் புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அத்தோட்டத்துக்கு அஞ்சல் எழுதினால் போய்ச் சேருமா என்று என்னைக் கேட்டாள்.